ஐயெல்ட்ஸா, பிடிஇயா, ஓஇடியா: நாலு தடவை பணம் கட்டுனவன் சொல்றேன்

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணான். "அண்ணே, ஐயெல்ட்ஸ் ஈஸியா பிடிஇ ஈஸியா, ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னான். ரெண்டுமே வெளிநாடு போறவங்க நமக்கு இங்கிலீஷ் வரும்னு காட்ட எழுதுற டெஸ்ட். எந்த ஊருக்குடா போறன்னு கேட்டேன். "கனடா, இல்லன்னா ஆஸ்திரேலியா, ரெண்டும் செட் ஆகலன்னா அயர்லாந்து"ங்கிறான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு எந்த பஸ்ல சீட் இருக்கோ அதுல ஏறிக்கலாம்ங்கிற மாதிரி இருந்துச்சு. ஒரே வார்த்தையில சொல்ல முடியாம ஒன்றரை மணி நேரம் பேசுனேன், அதைத்தான் இங்க கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுறேன், ஒழுங்கா வருமான்னு தெரியல.

முதல்ல என் ஜாதகம். மெக்கானிக்கல் படிச்சவன், திருச்சி. 2022ல கனடா பிஆர், அதாவது அங்கயே நிரந்தரமா தங்குற ஆசையில ஐயெல்ட்ஸ் ஜெனரல் ரெண்டு தடவை எழுதுனேன், அப்புறம் 2023ல ஆஸ்திரேலியா பக்கம் திரும்பி பிடிஇ ரெண்டு தடவை. ஒரு தடவைக்கு 15,000 ரூபாய்க்கு மேல, இப்ப இன்னும் ஏறியிருக்கு. தங்கச்சி ஸ்டாஃப் நர்ஸ், அவ மருத்துவத் துறைக்காரங்களுக்கான ஓஇடி எழுதுனா, அது 30,000க்கும் மேல. ஆக எங்க வீட்டுல இங்கிலீஷுக்குன்னு போன காசுல ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கியிருக்கலாம், எங்கப்பா இதை வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் சொல்லிருவாரு.

சரி, எது ஈஸிங்கிற கேள்வியை ஓரமா வைங்க. கேட்க வேண்டியது ரெண்டே ரெண்டு. எங்க போறீங்க, எதுக்கு போறீங்க, அவங்க எந்த டெஸ்ட்டை ஏத்துக்குறாங்க? அடுத்தது, லிஸனிங் ரீடிங் ரைட்டிங் ஸ்பீக்கிங் நாலுல எது உங்க காலை வாருது? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா முக்கால்வாசி முடிவு தானா வந்துரும். பக்கத்து வீட்டு பையன் எதுல பாஸ் ஆனான்ங்கிறது இதுல எங்கயும் வரல பாருங்க, ஆனா நம்ம ஆளுங்க பாதிப் பேரு அதை வச்சுதான் முடிவு பண்றாங்க.

ஊர் விஷயம் சட்டுன்னு சொல்லிடுறேன். கனடா பிஆருக்கு, பாயின்ட் போட்டு ஆள் எடுக்குற எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னா ஐயெல்ட்ஸ் ஜெனரல், செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் இந்த மூணுதான் இங்கிலீஷுக்கு. கவனிங்க, பிடிஇ கோர். பிடிஇ அகாடமிக் இல்ல. கோர் 2024 ஜனவரி கடைசியில இருந்துதான் ஏத்துக்குறாங்க, இது தெரியாம அகாடமிக் எழுதி நல்ல மார்க்கும் வாங்கிட்டு கனடாவுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சதும் தலையில கை வச்ச ஒருத்தரை எனக்கே தெரியும். ஆஸ்திரேலியாவுக்கு ஐயெல்ட்ஸ், பிடிஇ அகாடமிக், ஓஇடி எல்லாமே ஓடும். யூகேல டிகிரி படிக்கப் போறீங்கன்னா எந்த டெஸ்ட்ங்கிறதை பெரும்பாலும் யுனிவர்சிட்டியே முடிவு பண்ணும், ஆனா சில விசாவுக்கு ஐயெல்ட்ஸ் ஃபார் யூகேவிஐன்னு தனியா ஒன்னு கேப்பாங்க, கேள்வி அதேதான், புக் பண்றது வேற, சாதாரண ஐயெல்ட்ஸ் சர்டிஃபிகேட்டை அங்க நீட்டுனா செல்லாது. அமெரிக்கா எம்எஸ்ஸுக்கு டோஃபல், ஐயெல்ட்ஸ், டூயோலிங்கோன்னு காலேஜுக்கு காலேஜ் மாறும்.

அப்புறம் அகாடமிக், ஜெனரல்னு ஐயெல்ட்ஸ்லயே ரெண்டு இருக்கு. படிக்கப் போறவங்களுக்கும் நர்ஸ் டாக்டர் ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் அகாடமிக், கனடா பிஆர் மாதிரி குடியேறுறதுக்கு ஜெனரல். லிஸனிங்கும் ஸ்பீக்கிங்கும் ரெண்டுக்கும் ஒன்னுதான். ஜெனரல்ல ரீடிங்குக்கு குடுக்குற பத்திங்க கொஞ்சம் லேசு, ஆனா மார்க் போடுறப்ப அதுக்கு ஈடு கட்டிருவாங்க, அகாடமிக்ல 40க்கு 30 வந்தாலே கிட்டத்தட்ட பேண்ட் 7 (ஐயெல்ட்ஸ்ல 9 வரைக்கும் போடுற மார்க்குக்கு பேண்ட்னு பேரு), ஜெனரல்ல அதே 7க்கு 34 வரைக்கும் போகணும். அதனால ஜெனரல் ஈஸின்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துருங்க.

இப்ப என் கதைக்கு வரேன், ஏன்னா எனக்கு நடந்ததுதான் நிறைய பேருக்கு நடக்குது. முதல் ஐயெல்ட்ஸ்ல லிஸனிங் 8.5, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6.5. ஓவரால் 7.5. வீட்டுல பாயாசம். நான் மட்டும் மூஞ்சிய தொங்கப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன், ஏன்னா கனடாக்காரன் ஓவராலை பார்க்கவே மாட்டான். அவனுக்கு சிஎல்பின்னு தனி மொழி அளவுகோல், அதுல 9ன்னு ஒரு கணக்கு, லிஸனிங் 8, மத்த மூணும் 7. ரைட்டிங்ல அரை பேண்ட் குறைஞ்சதால நான் சிஎல்பி 8ல விழுந்துட்டேன். அரை பேண்ட் தானேன்னு தோணும். என்னை மாதிரி ஒரு டிகிரி, மூணு வருஷத்துக்கு மேல இங்க வேலை பார்த்த அனுபவம், கல்யாணம் ஆகாத ஆளு, அப்படின்னா அந்த அரை பேண்டுக்கு மட்டும் 45 பாயின்ட் போகுது. ரைட்டிங்குக்கு நேரடியா 8, படிப்பையும் மொழியையும் சேர்த்து தர்றதுல 12, அனுபவத்தையும் மொழியையும் சேர்த்து தர்றதுல 25. நாலும் சிஎல்பி 9 தொட்டாதான் அந்த கடைசி ரெண்டும் முழுசா வரும். கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்துட்டு அன்னைக்கு நைட்டு தூங்கல.

மறுமதிப்பீட்டுக்கு போடலாம்னு போட்டேன், ஆறு வாரத்துக்குள்ள கேக்கணும், மார்க் ஏறுனா கட்டுன காசு திரும்ப வரும். எனக்கு ஏறல. ரெண்டாவது தடவை எழுதுனேன், ரைட்டிங் மறுபடி 6.5. அதே 6.5, அச்சு அசலா.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசிச்சேன், ஏன்டா நமக்கு மட்டும்னு. ஐயெல்ட்ஸ் ரைட்டிங்குக்கு மார்க் எப்படி போடுவாங்கங்கிற அளவுகோலை அவங்களே பப்ளிக்கா போட்டிருக்காங்க, நாலு தலைப்பு, ஒவ்வொன்னுக்கும் கால் பங்கு. கேள்விக்கு பதில் சொல்லியிருக்கியா, கோர்வையா இருக்கா, வார்த்தை வளம், கிராமர். அதுல கிராமருக்கு பேண்ட் 7 வேணும்னா தப்பே இல்லாத வாக்கியம் அடிக்கடி வரணும். பேண்ட் 6ங்கிறது தப்பு இருக்கு, ஆனா சொல்ல வந்தது புரியுது. நான் பழசா எழுதி வச்சிருந்த பத்து கட்டுரையை எடுத்து, சிவப்பு பேனாவுல நானே வாத்தியார் மாதிரி திருத்துனேன். பெரிய தப்பு ஒன்னும் இல்ல. ஆனா கிட்டத்தட்ட ஒவ்வொரு வரியிலயும் ஒரு 'தி' விட்டுப் போயிருக்கு, இல்ல தேவையில்லாத இடத்துல ஒரு 'தி' உட்கார்ந்திருக்கு. 'கவர்மென்ட் ஷுட் கிவ் ஜாப்'னு எழுதியிருக்கேன். முன்னாடி 'தி' இல்ல, கடைசியில 'ஸ்' இல்ல. நம்ம தமிழ்ல ஏ, ஆன், தி மாதிரி ஒன்னு கிடையாது, அதனால அது இல்லாம படிச்சாலும் நம்ம காதுக்கு உறுத்தாது. எனக்கு இங்கிலீஷ் நல்லாவே வரும்னுதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன், வரும்தான், ஆனா தப்பில்லாத வாக்கியம் பத்துக்கு மூணு கூட தேறல. புரியுதா, 6.5 ஏன் நகரலன்னு. இதை நான் பணம் கட்டி சேர்ந்த கோச்சிங் சென்டர்ல ஒருத்தரும் சொல்லல, அங்க என் கட்டுரையில எல்லாம் 'குட், யூஸ் மோர் லிங்க்கர்ஸ்'னுதான், அதாவது இணைப்பு வார்த்தை நிறைய போடுன்னுதான் எழுதி கொடுத்தாங்க.

லிங்க்கர்னதும் ஞாபகம் வருது. அந்த சென்டர்ல இருந்த முப்பது பேருக்கும் ஒரே ஆரம்ப வரி, 'இன் திஸ் ஃபாஸ்ட் மூவிங் மாடர்ன் வேர்ல்ட்'னு தொடங்கும். தலைப்பு பிளாஸ்டிக்கா இருந்தாலும் சரி, பாட்டி தாத்தாவா இருந்தாலும் சரி. மனப்பாடம்னு தெரிஞ்சா அந்த வரிக்கு மார்க் இல்ல, 250 வார்த்தையில இருபது வார்த்தை அதுலயே போச்சு. இன்னொன்னு, டாஸ்க் 2 கட்டுரைக்கு டாஸ்க் 1 லெட்டரை விட ரெண்டு மடங்கு வெயிட். மொத்தம் 60 நிமிஷம், அதுல லெட்டருக்கு 20, கட்டுரைக்கு 40ன்னு பிரிச்சுக்கணும். நான் முதல் தடவை லெட்டரை அழகா எழுதுறேன்னு அரை மணி நேரம் உட்கார்ந்துட்டேன்.

இந்த இடத்துலதான் பிடிஇ வருது. பிடிஇல ரைட்டிங் மார்க் கட்டுரையை மட்டும் நம்பி இல்ல. காதுல ஒரு வாக்கியம் சொல்லுவாங்க, கேட்டு அப்படியே டைப் பண்ணணும், ரைட் ஃப்ரம் டிக்டேஷன்னு பேரு, அதுல சரியா வர்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மார்க், அது லிஸனிங்குக்கும் போகுது ரைட்டிங்குக்கும் போகுது. கட்டுரையும் 200ல இருந்து 300 வார்த்தை, 20 நிமிஷம், முடிஞ்சது. அதனால காது நல்லா இருந்து, டைப்பிங் ஓடி, கட்டுரையில மட்டும் சறுக்குற ஆளுக்கு பிடிஇ நல்ல வழி. என் கேஸ் அதேதான், லிஸனிங் 8.5க்காரன் டிக்டேஷனை விடுவானா.

ஆனா ஸ்பீக்கிங் வேற உலகம். ஐயெல்ட்ஸ்ல உங்க எதிர்ல ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பார், இல்ல வீடியோல தெரிவார், 11ல இருந்து 14 நிமிஷம், நடுவுல ஒரு கார்டு குடுத்து ஒரு நிமிஷம் யோசிக்க விட்டு ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லுவார். திணறுனா கூட முகத்தைப் பார்த்து தைரியம் வரும். எனக்கு வந்த கார்டு, நீங்க சந்திச்ச ஒரு வயசானவரைப் பத்தி பேசுங்கன்னு. எங்க தாத்தா காவிரியில நீச்சல் கத்துக் கொடுத்த கதையை சொன்னேன், எனக்கு டெஸ்ட் எடுத்த அந்தம்மா உண்மையிலேயே ஆர்வமா கேட்டாங்க, நேரம் போனதே தெரியல.

பிடிஇல மனுஷன் கிடையாது. ஒரு ரூம்ல பத்து பதினஞ்சு பேரு, ஆளுக்கொரு கம்ப்யூட்டர், நடுவுல தடுப்பு, காதுல பெரிய ஹெட்செட், உள்ள போறப்பவே உள்ளங்கையை ஒரு மெஷின்ல வச்சு ஸ்கேன் எடுப்பாங்க. எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல பேச ஆரம்பிப்பாங்க. பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு பார் கிராஃபை விளக்கிக்கிட்டு இருக்கு, பின்னாடி ஒருத்தரு ஏலம் விடுற மாதிரி கத்துறாரு, எனக்கு ஸ்க்ரீன்ல ஒரு மேப் வந்து நிக்குது, 25 செகண்ட் யோசிச்சு 40 செகண்ட் பேசணும். பின்னாடி ஆளு "தி ஹையஸ்ட் வேல்யூ இஸ்"னு சொன்னதும் எனக்கு என் வார்த்தை மறந்து போச்சு. ஒரு மூணு செகண்ட் வாய் மூடியிருப்பேன், அவ்வளவுதான், மைக் க்ளோஸ். அதுதான் ரூல், மூணு செகண்ட் சத்தம் இல்லன்னா மெஷின் நீ முடிச்சுட்டன்னு எடுத்துக்கும். அப்புறம் நீங்க என்ன ஷேக்ஸ்பியரா பேசுனாலும் பதிவாகாது. முதல் தடவை லிஸனிங் 71, ரீடிங் 68, ரைட்டிங் 74, ஸ்பீக்கிங் 61. அப்ப ஆஸ்திரேலியா விசா பாயின்ட் கணக்குல இங்கிலீஷுக்கு பத்து பாயின்ட் வாங்க நாலுலயும் 65 வேணும். ரைட்டிங்ல தப்பிச்சு ஸ்பீக்கிங்ல மாட்டுனேன், இது எப்படி இருக்கு.

ரெண்டாவது தடவைக்கு நான் பண்ணது ஒன்னே ஒன்னு, கூட்டத்துல பேசிப் பழகுனேன். டிவில சத்தமா பட்டிமன்றம் ஓடும், அதுக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போன்ல வாக்கியத்தைக் கேட்டு திருப்பிச் சொல்றது. தப்பா சொன்னாலும் நிறுத்தாம, திருத்தாம, ஒரே ஓட்டத்துல. மெஷினுக்கு தயக்கம் பிடிக்காது, நாம பாதியில நிறுத்தி 'சாரி, ஐ மீன்'னு பின்னாடி போறதுதான் அதுக்கு பெரிய குறை. ஸ்பீக்கிங் 78 வந்துச்சு. ரிசல்ட்டும் ரெண்டே நாள்ல.

நம்ம உச்சரிப்பை மெஷின் எடுத்துக்குமான்னு நிறைய பேரு பயப்படுறாங்க. தமிழ் வாடை அடிக்குறதுல தப்பே இல்ல, அமெரிக்கன் மாதிரி நாக்கை சுழட்ட வேண்டாம், அப்படி சுழட்டுனவங்கதான் மாட்டிக்கிறாங்க. ஆனா சில இடம் உண்மையிலேயே இடிக்கும். B-யும் P-யும் மாதிரி நமக்கு எழுத்துலயே பிரிவு இல்லாத சத்தங்கள், bag, pack ரெண்டையும் தமிழ்ல எழுதுனா 'பேக்'தான், இங்கிலீஷ்ல ஒன்னு பை, இன்னொன்னு மூட்டை கட்டுறது. அப்புறம் 'எவ்ரி'யை 'யெவ்ரி'ன்னும் 'ஒன்லி'யை 'வொன்லி'ன்னும் சொல்றது, எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான், நானும்தான். தேர்ட்டீன், தேர்ட்டி குழப்பம் லிஸனிங்லயும் அடிக்கும்.

ரீடிங்ல ஐயெல்ட்ஸுக்கே உரிய ஒரு தலைவலி, ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன். பத்தியில 'முதல் பஸ் காலையில ஆறு மணிக்கு கிளம்பும்'னு இருக்குன்னு வைங்க. கேள்வி, 'காலை பஸ்ல கூட்டம் அதிகமா இருக்கும்'. நமக்குத் தெரியும் கூட்டமா இருக்கும்னு, படியில தொங்கிட்டு போனவங்க நாம, உடனே ட்ரூன்னு போட்டுருவோம். பத்தியில கூட்டத்தைப் பத்தி பேச்சே இல்ல, அதனால நாட் கிவன். விஷயம் தெரிஞ்சவன்தான் இதுல அதிகம் தோக்குறான். பிடிஇல இந்த தொல்லை இல்ல, அங்க கோடிட்ட இடத்தை நிரப்புறது, கலைஞ்சு கிடக்குற பத்தியை வரிசைப்படுத்துறது, நெகட்டிவ் மார்க் இருக்குற மல்டிபிள் சாய்ஸ்னு வேற தொல்லை.

ஒரு முக்கியமான விஷயம், பழைய டேபிளை நம்பாதீங்க. வாட்ஸ்அப் க்ரூப்ல எல்லாம் இன்னமும் ஆஸ்திரேலியாவுக்கு 65 போதும், 79 போதும்னு சுத்திக்கிட்டு இருக்கு. 2025 ஆகஸ்ட் 7ல இருந்து அது மாறிடுச்சு. பத்து பாயின்ட் வேணும்னா இப்ப பிடிஇல லிஸனிங் 58, ரீடிங் 59, ரைட்டிங் 69, ஸ்பீக்கிங் 76. இருபது பாயின்ட்டுக்கு லிஸனிங் 69, ரீடிங் 70, ரைட்டிங் 85, ஸ்பீக்கிங் 88. ஐயெல்ட்ஸ் பக்கம் அதே 7, அதே 8. அதாவது ஸ்பீக்கிங்ல மெஷின் கொஞ்சம் தாராளமா போடுதுன்னு அவங்களுக்கே புரிஞ்சு ஓட்டையை அடைச்ச மாதிரி இருக்கு. கூடவே அதே ஆகஸ்ட்ல பிடிஇல ரெண்டு புது கேள்வி வந்துச்சு, ஒன்னு மூணு பேரு பேசுறதைக் கேட்டு சுருக்கிச் சொல்றது, இன்னொன்னு ஒரு சூழ்நிலையைச் சொல்லி நீ அங்க என்ன பேசுவன்னு கேக்குறது, சில பதிலை மனுஷங்களும் பார்க்குறாங்க, அதனால யூடியூப்ல விக்கிற டெம்ப்ளேட்டை எந்தப் படத்துக்கும் ஒட்டுற பழைய வித்தை இப்ப ஓடாது. ஆகவே முன்னாடி மாதிரி 'கண்ணை மூடிட்டு பிடிஇ'ன்னு நான் இப்ப சொல்லமாட்டேன். பேச்சு சரளமா வர்றவனுக்கு பிடிஇ, எழுத்து சுத்தமா வர்றவனுக்கு ஐயெல்ட்ஸ், ரெண்டும் அரைகுறைன்னா ரெண்டுலயும் ஃப்ரீயா கிடைக்குற ஒரு மாடல் டெஸ்ட்டை டைம் வச்சு எழுதிப் பாருங்க, ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

ஐயெல்ட்ஸ்லயும் இப்ப ஒரு சவுகரியம் வந்திருக்கு, ஒன் ஸ்கில் ரீடேக். கம்ப்யூட்டர்ல எழுதியிருந்தா 60 நாளுக்குள்ள ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதலாம். நான் எழுதுன காலத்துல இது இங்க இல்ல, இருந்திருந்தா வயித்தெரிச்சல் கொஞ்சம் கம்மியா இருந்திருக்கும். ஆனா எல்லா இடத்துலயும் இதை ஏத்துக்கமாட்டாங்க, நீங்க அப்ளை பண்ற இடத்துல கேட்டுட்டு காசைக் கட்டுங்க.

நர்ஸ், டாக்டர், பிசியோ, ஃபார்மசிஸ்ட் இவங்களுக்கு கதையே வேற. ஓஇடி 12 மருத்துவத் தொழிலுக்குன்னே இருக்கு. தங்கச்சிக்கு யூகேல நர்ஸுகளைப் பதிவு பண்ற என்எம்சில ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், அவங்க கேக்குறது ஐயெல்ட்ஸ் அகாடமிக்னா ரைட்டிங் 6.5, மத்த மூணும் 7, ஓஇடின்னா ரைட்டிங் சி ப்ளஸ், அதாவது 300, மத்த மூணும் பி, அதாவது 350. காசைப் பார்த்து வீட்டுல எல்லாரும் ஐயெல்ட்ஸே எழுதுன்னு சொன்னோம். அவ ஒரு ஐயெல்ட்ஸ் ரீடிங் எடுத்துப் பார்த்தா, ஏதோ எரிமலை பத்தி, அடுத்தது ரோமன் காலத்து ரோடு பத்தி. "அண்ணா, எட்டு வருஷமா வார்டுல நிக்குறேன், என்கிட்ட எரிமலையை ஏன் கேக்குறாங்க"ன்னா. நியாயம்தானே.

ஓஇடி ரைட்டிங்ல ஒரு பேஷண்ட்டோட கேஸ் நோட்ஸ் குடுப்பாங்க, அஞ்சு நிமிஷம் படிக்க, 40 நிமிஷம் எழுத, 180ல இருந்து 200 வார்த்தைக்குள்ள ரெஃபரல் லெட்டரோ டிஸ்சார்ஜ் லெட்டரோ எழுதணும். இதுல எதை எழுதுறோம்ங்கிறதை விட எதை விடுறோம்ங்கிறதுதான் வித்தை. காலு ஆபரேஷன் ஆன பாட்டியை வீட்டுக்கு அனுப்புறப்ப, 1990ல டான்சில்ஸ் எடுத்தது அந்த லெட்டர்ல எதுக்கு? தங்கச்சி முதல்ல நோட்ஸ்ல இருந்த எல்லாத்தையும் அள்ளிப் போட்டு 290 வார்த்தை எழுதிட்டு பெருமையா காட்டுனா. லெட்டரைப் படிக்கப் போறவங்களுக்கு எது தேவைன்னு ஒரு கோடு போட்டு அடிக்கக் கத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் சரியாச்சு.

ஸ்பீக்கிங் ரெண்டு ரோல் ப்ளே, மூணு நிமிஷம் தயாரிப்பு, அஞ்சு நிமிஷம் பேச்சு. பேஷண்ட்டா எங்கம்மாவை கட்டில்ல படுக்க வச்சு ப்ராக்டிஸ் நடந்துச்சு. அம்மா தமிழ்ல "எனக்கு ஊசி வேணாம்டி, மாத்திரை மட்டும் குடு"ம்பாங்க, இவ இங்கிலீஷ்ல "ஐ அண்டர்ஸ்டாண்ட் திஸ் மஸ்ட் பி வொரியிங் ஃபார் யூ"ம்பா, அம்மா ரோலை மறந்துட்டு "சுகர் மாத்திரை போட்டியா நீ, சாப்பிட்டியா"ன்னு இவளையே கேக்க ஆரம்பிச்சுருவாங்க. ஆனா அதுல ஒரு நல்லது நடந்துச்சு, ஓஇடில கிராமர் மட்டும் இல்லாம பேஷண்ட்டோட பயத்தை காது கொடுத்து கேக்குறியா, புரிஞ்சுதான்னு திருப்பி கேக்குறியாங்கிறதுக்கும் மார்க் உண்டு, அம்மா மாதிரி அடம் பிடிக்குற பேஷண்ட் எந்த ரோல் ப்ளேலயும் கிடைக்கமாட்டாங்க. லிஸனிங் 360, ரீடிங் 350, ஸ்பீக்கிங் 370, ரைட்டிங் 330. ரீடிங் சரியா கோட்டுல நின்னுச்சு, பார்ட் ஏல 15 நிமிஷத்துல 20 கேள்வி, அங்கதான் மூச்சு வாங்குச்சுன்னா. அந்த ஒரே அட்டெம்ப்ட்ல முடிஞ்சதால 30,000ங்கிறது கடைசியில என் நாலு அட்டெம்ப்ட்டை விட சல்லிசு. மருத்துவத்துறைக்காரங்க காசைப் பார்த்து பயப்படாதீங்கன்னு சொல்றது இதனாலதான். ஆனா துறையை விட்டு வேற படிப்புக்கோ வேற நாட்டுக்கோ மாறுற எண்ணம் இருந்தா ஐயெல்ட்ஸ்தான் எல்லா கதவுக்கும் சாவி.

டோஃபலும் டூயோலிங்கோவும் நான் எழுதல, அமெரிக்கா போன கூட்டாளிங்க எழுதுனாங்க. டோஃபல் 2023 ஜூலையில சுருங்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துச்சு, 2026 ஜனவரியில இருந்து மறுபடி ஆளே மாறி 1ல இருந்து 6 வரைக்கும் புது ஸ்கோர், அதனால பழைய புத்தகம், பழைய சீனியரோட நோட்ஸ் ரெண்டையும் வாங்காதீங்க. டூயோலிங்கோ வீட்டுலயே ஒரு மணி நேரத்துல எழுதிடலாம், காசும் மத்ததுல பாதி கூட வராது, ஆனா அது காலேஜ் அட்மிஷனுக்குத்தான், கனடா பிஆர், ஆஸ்திரேலியா விசான்னு நீட்டுனா எடுக்கமாட்டாங்க. வீட்டுல எழுதுறப்ப கண்ணு ஸ்க்ரீனை விட்டு அலைஞ்சாலோ, பின்னாடி யாராவது பேசுனாலோ ரிசல்ட்டையே நிறுத்திருவாங்க, நம்ம வீடுகள்ல குக்கர் விசில், காய்கறி வண்டி மைக், 'யாருப்பா வீட்டுல'ன்னு வர்ற கேஸ் சிலிண்டர்காரரு எல்லாத்தையும் ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கணும்.

இப்ப கோச்சிங்கா சொந்தமாவான்னு. நான் 9,500 கட்டி ஒரு சென்டர்ல ஆறு வாரம் போனேன். லிஸனிங் ரீடிங்குக்கு அங்க நடந்தது, ஆடியோ போடுவாங்க, எழுதுவோம், விடை வாசிப்பாங்க, டிக் போடுவோம். இதை வீட்டுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு நானே பண்ணிக்கலாம், கேம்பிரிட்ஜ் போடுற பழைய கேள்வித்தாள் புத்தகம் நாலு இருந்தா போதும், லைப்ரரிலயே கிடைக்குது. சென்டர் விக்கிற தலகாணி மெட்டீரியல் வேணாம், பாதி கேள்வி யாரோ சொந்தமா தயாரிச்சது, விடையே தப்பா இருக்கும். ஆனா எழுதுனதையும் பேசுனதையும் நாமளே திருத்திக்க முடியாது, நம்ம தப்பு நம்ம கண்ணுக்குத் தெரியாது, மேல சொன்ன 'தி' கதை மாதிரி. அதனால காசு செலவு பண்ணணும்னா அதுக்கு மட்டும் பண்ணுங்க, ஒரு நல்ல ட்யூட்டர் கிட்ட பத்து கட்டுரை கொடுத்து வரி வரியா திருத்தி வாங்குங்க, ஒவ்வொரு கட்டுரையையும் திருத்துனதுக்கு அப்புறம் முதல்ல இருந்து மறுபடி எழுதுங்க. சேர்றதுக்கு முன்னாடி சென்டர்ல கேக்க வேண்டிய ஒரே கேள்வி, என் கட்டுரையை யாரு திருத்துவாங்க, எத்தனை நாள்ல வரும்? 'பேட்ச் எப்ப சார் ஜாயின் பண்றீங்க'ன்னு பேச்சை மாத்துனா கிளம்பிருங்க.

ஏஐ ஆப்ல கட்டுரை போட்டு பேண்ட் கேக்குறது இப்ப ஃபேஷன். கிராமர் தப்பைக் காட்டுறதுக்கு நல்லா உதவுது, ஆனா அது தர்ற பேண்டை நம்பி டெஸ்ட் புக் பண்ணாதீங்க, ஒரே கட்டுரைக்கு காலையில 7, சாயங்காலம் 8ன்னு சொல்லும்.

அடிப்படையே ஆட்டம் காணுது, ஒரு பத்தி சேர்ந்தாப்புல பேச வரலன்னா அப்ப கோச்சிங் வேணும்தான், ஆனா அது ஆறு வார வேலை இல்ல. கையில காசு இல்லாத எஸ்சி, எஸ்டி பசங்க அவங்களுக்கான தமிழ்நாடு அரசு நிறுவனம் தாட்கோவோட அறிவிப்பைப் பார்த்துக்கிட்டே இருங்க, ஐயெல்ட்ஸ், டோஃபல், ஓஇடி, பிடிஇ பயிற்சிக்கு அவங்க மூலமா அறிவிப்பு வந்திருக்கு, நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல.

புக் பண்றப்ப ரெண்டு விஷயம். பேரு பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க, நமக்கு இனிஷியல் பிரச்சனை இருக்கே, சர்நேம் காலியா இருக்குறது, அப்பா பேரு முன்னாடி போறது, ஆதார்ல ஒரு மாதிரி பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி. டெஸ்ட் அன்னைக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட் மட்டும்தான், கலர் ஜெராக்ஸ், லைசென்ஸ் எல்லாம் வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் தேதி. ரிசல்ட் பொதுவா ரெண்டு வருஷம்தான் செல்லும், ஆஸ்திரேலியா ஸ்கில்டு விசாவுக்கு மட்டும் மூணு வருஷம் எடுத்துக்குறாங்க, அதனால மத்த பேப்பர் எதுவும் ரெடி இல்லாம ஆர்வக்கோளாறுல முதல்லயே எழுதிட்டு உட்காராதீங்க.

இதை சொல்ல எனக்கு என்ன தகுதின்னா, என் 2023 பிடிஇ மூணு வருஷம் முடியுது, விசாவுக்கு அப்ளை பண்ணச் சொல்ற இன்வைட் இன்னும் வரல. திரும்ப எழுதணும், இந்த தடவை ஸ்பீக்கிங் 76 கணக்குல. நைட்டு சாப்பிட்டுட்டு மொட்டை மாடிக்குப் போயி போன்ல வாக்கியத்தைக் கேட்டு கேட்டு சத்தமா திருப்பிச் சொல்லிக்கிட்டு இருக்கேன். நேத்து பக்கத்து வீட்டு அத்தை அம்மாகிட்ட கேட்டாங்களாம், "தம்பி டெய்லி பத்து மணிக்கு யாரு கூட இங்கிலீஷ்ல சண்டை போடுது?" சித்தி பையன் இன்னும் எந்த நாடுன்னு சொல்லல.